போடாத கார்டு

பட்டணத்துல உள்ளவங்களுக்கு 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துல ஜானகி குரலோட சேர்ந்து வந்த நாயனம்னு சொன்னாத்தான் காருகுறிச்சி அருணாசலத்தைத் தெரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். எங்க தாமிரபரணிக் கரை சம்சாரிகளுக்கு அவர் திருவிழாவுல கால்கடுக்க நின்னு கேட்ட மனுஷன்.

ரசிச்சதைக் கடுதாசியில எழுதுறது இந்தப் பக்கம் புதுசில்லை. ரசிகமணி டி.கே.சி. எழுதின கடிதங்கள் புஸ்தகமாவே வந்திருக்கு. ஆனா அவர் படிச்ச வக்கீல். எங்க தாத்தா உழவர். பேரன் எடுத்த வயசுல, தோடி கேட்ட ராத்திரியைப் பத்தி அருணாசலத்துக்கு நாலு வரி எழுதினார். "கிழவனுக்கு வந்த கிறுக்கைப் பாரு"ன்னு ஆச்சி சிரிச்சா. கார்டு அரங்குவீட்டுப் பெட்டிக்குள்ள போயிட்டு. 1964-ல அருணாசலம் காலமாகிட்டார்.

கார்டு எங்கிட்டதான் இருக்கு. விலாசம்: நாயனம் அருணாசலம், காருகுறிச்சி. அவ்வளவுதான். போய்ச் சேர்ந்திருக்கும்.