நன்னன் மலையின் நடைவழிகள்

பாலாற்றின் தென்கரையில் நின்று தெற்கே நோக்குவார்க்கு நீல வரையாய்த் தோன்றுவது சவ்வாது மலைத்தொடர். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்னும் தோல் நகரங்கள் மூன்றும் இம்மலையின் நிழலில் வாழ்வன. மேற்கே தனித்து நிற்பது ஏலகிரி. தெற்கே செங்கத்துக்கும் போளூருக்கும் இடைப்பட்ட பகுதியில் பருவத மலை தலைநிமிர்ந்து நிற்கின்றது. 1989ஆம் ஆண்டுவரை ஒரே வட ஆர்க்காட்டு மாவட்டமாக இருந்த இந்நிலம், பின்னர் வேலூர், திருவண்ணாமலை எனப் பிரிந்து, 2019இல் திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களையும் ஈன்றது. ஆட்சி எல்லைகள் மாறினும் மலையும் அதன் ஒற்றையடிப் பாதைகளும் அவ்வெல்லைகளை அறியா.

அருவி காணவும் முடியேறவும் மலைமேல் நின்று நிலம் நோக்கவும் கால்நடையாகச் செல்வது மேலைநாட்டார் ஆல்ப்சு மலையில் தொடங்கிவைத்த பொழுதுபோக்கு என்று எண்ணுவார் உளர். அவ்வெண்ணம் பிழையென்று காட்டும் நூல் தமிழில் உண்டு. அது எழுந்த நிலமும் இதுவே. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாமே அது.

பாட்டும் நிலமும்

583 அடிகளையுடைய இப்பாட்டு, பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனை, இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. பல குன்றுகளை உடைமையால் பல்குன்றக் கோட்டம் எனப் பெற்ற பெயர், இந்நிலத்தைக் கண்டார்க்கு விளக்கம் வேண்டாதது. நஞ்சுண்ட இறைவன் உறைவதாகப் பாட்டுக் குறிக்கும் நவிர மலையைப் பருவத மலையாகக் கொள்வர் அறிஞர். அம்மலையுச்சியில் மல்லிகார்சுனர் கோயில் உள்ளது. முழுநிலா நாள்களில் அடியார் இன்றும் அம்மலை ஏறுகின்றனர்.

1889ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது இப்பாட்டு அச்சேறியது. அதன்பின் கற்றோர் இதன் உவமைகளையும் இசைக்கருவிகளையும் பலபடப் பாராட்டினர். ஆனால் இது வழிநடைக்கு உதவும் கையேடாகவும் அமைந்துள்ளது என்பதை வகுப்பறைகள் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை.

வழி கூறும் திறம்

பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்வரும் கூத்தர் குழுவிற்கு வழி கூறுகின்றான். அழகை வருணிப்பதோடு அவன் அமையவில்லை. எங்கே கால் வழுக்கும், எங்கே கல் விழும், எங்கே இரவு தங்கலாம் என்பனவற்றை முறைப்பட உரைக்கின்றான். தினைக்கொல்லையில் பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருத்தலின், இருளில் செல்லாது விடிந்தபின் செல்லுமாறு கூறுகின்றான். யானையை ஓட்டப் பரண்மேலிருந்து எறியும் கவண்கற்கள் பாய்ந்துவரும் இடங்களில் மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லச் சொல்கின்றான். பாசி படர்ந்து அடிதளரச் செய்யும் இடங்களில் வழியோரத்து மூங்கிலின் மெல்லிய கோல்களைப் பற்றிக்கொள்ள வேண்டும். பாம்பு ஒடுங்கிய குழிகளைக் குறித்துக்கொண்டு விலகிப்போக வேண்டும். மலையில் இருட்டிவிட்டால் தம் இல்லம்போல் எண்ணிக் குகையில் தங்க வேண்டும். இவையெல்லாம் மலையில் நடந்து பழகிய ஒருவனாலன்றிச் சொல்லலாகாதவை.

இவற்றினும் சிறந்தன இரண்டு குறிப்புகள். பல வழிகள் கூடும் இடத்தில், பின்வரும் புதியவர் திகையாதிருக்கத் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்பது ஒன்று. தான் வழியறிந்தால் போதும் என்று அமையாமல், முகமறியாத பின்னவனையும் நினைத்து நடக்கும் பண்பு அது. மற்றொன்று, வழி தப்பியவர்க்குரியது. மலையில் பிறந்த குறவரே மருளும் இடம் வந்தால், மேலும் நடவாமல் அகன்ற பாறையொன்றில் கூடியிருந்து கருவிகளை இசைக்குமாறு கூத்தன் கூறுகின்றான். அருவியின் உச்சியில் காடு காத்து வாழும் கானவர் அவ்வொலி கேட்டு ஓடிவந்து, துயர் தீர்த்து, வழிகாட்டுவர் என்று உறுதியும் தருகின்றான். வழி தவறியவர் நின்ற இடத்திலேயே நின்று ஒலியெழுப்புக என்று இன்றைய மலையேற்றப் பயிற்சியாளர் கூறும் விதியும் இதுவே.

பாட்டின் பெயரும் நடந்தவன் செவியில் பிறந்தது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தமையால் மலைபடுகடாம் ஆயிற்று. அருவியாடும் வானரமகளிர் எழுப்பும் ஒலி, தேனெடுப்போர் ஆரவாரம், புலியால் புண்பட்ட கணவரின் துயர்தீரப் பெண்கள் பாடும் பாட்டு, கரும்பாலை ஓசை எனப் பலவும் அங்கே ஒருங்கு கேட்கின்றன. மலையின் இன்பத்தோடு மலைமக்களின் உழைப்பும் துன்பமும் அவ்வொலியில் கலந்துள்ளமை நோக்கத்தக்கது.

கல்லில் நிற்கும் சான்று

வழியிடையே நடுகற்கள் பல உள. அவற்றைத் தொழுது யாழிசைத்துச் செல்க என்றும் கூத்தன் கூறுகின்றான். இதற்கு நிலமே சான்று தந்தது. செங்கம் பகுதியில் கண்டறியப்பட்ட பல்லவர் கால நடுகற்கள் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972இல் தமிழ்நாட்டரசு தொல்பொருள் ஆய்வுத்துறையால் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளிவந்தன. ஆநிரை மீட்டு மாண்ட வீரரின் பெயரை அவை எழுத்தில் தாங்குகின்றன. அவை பாட்டுக்குக் காலத்தால் பிற்பட்டவையாயினும், பாட்டில் காணும் மரபு அதே மண்ணில் தொடர்ந்தமையைக் காட்டுவன.

அளந்தோரும் எடுத்தோரும்

பிற்காலத்தில் இம்மலைகளில் ஏறியவர் நோக்கம் வேறாயிற்று. 1802இல் பரங்கிமலை அருகே அடித்தளக் கோடு அளந்த வில்லியம் லாம்டன், மேலைக் கடற்கரை நோக்கி முக்கோணங்களை நீட்டியபோது, ஆர்க்காட்டு நிலத்தின் குன்றுச்சிகள் அளவை நிலையங்களாயின. கூத்தனுக்கு வழியாக இருந்த மலைமுடி, அளவையாளனுக்குப் புள்ளியாயிற்று. காடு அரசுடைமையானபின் சந்தனம் அரசின் செல்வமாயிற்று. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு புகழ்பெற்றது.

இக்காலத்தும் மலையின் அடிப்பாதைகளைக் காத்தவர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்பதே அப்பெயரின் பொருள். தாம் காஞ்சியிலிருந்து குடிபெயர்ந்தோர் என்பது அவர்தம் மரபுரை. சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் அவர்தம் தலைச்சுமையில் இறங்கின. சமவெளியின் ஆவாரம்பட்டையும் மலையின் கடுக்காயும் தோல் பதனிடும் தொட்டிகளுக்கு உயிராயிருந்த காலம் அது. பின்னர் வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்தது. 1970களில் அரைப்பதனத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் குரோமியப் பதனீடு பெருகியது. மலைக்கும் தோல்தொட்டிக்கும் இருந்த பழைய உறவு தளர்ந்தது.

ஆயினும் நீரால் ஆன உறவு அறவில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறே. மழைக்காலத்தில் அதற்கு நீர் தருவன சவ்வாது மலையின் அருவிகளில் பிறக்கும் அகரம் ஆறு, செய்யாறு போன்ற துணையாறுகள். மேலே அருவியாக வீழ்ந்த நீர் கீழே தோல் கழிவோடு கலந்த வரலாறு, உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்திய நாட்டின் சட்டத்தில் உறுதிபெறப் பாலாற்றங்கரையின் துயரே வழியாயிற்று. அருவியைப் பாடுவோர், அந்நீர் எங்கே சென்று முடிகின்றது என்பதையும் பாடக் கடமைப்பட்டவர்.

இன்றைய நடை

இன்று ஏலகிரியின் மங்கலம் சிற்றூரிலிருந்து சுவாமிமலை முடிக்கு ஏறுவோர் உளர். அம்மலையின் மறுபக்கம் திருப்பத்தூரை அடுத்து ஜலகாம்பாறை அருவி வீழ்கின்றது. சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த பீமன் அருவியும், வேலூர்ப் பக்கத்து அமிர்தி அருவியும் மழைக்குப்பின் பெருகுவன. காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களை நோக்கி நிற்கின்றது.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் பலர் மாண்டனர். அதன்பின் காட்டுவழி நடைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைவழிகளை நெறிப்படுத்தித் திறந்தபோது, அந்தந்த மலையின் பழங்குடி இளைஞரையே வழிகாட்டிகளாகப் பயிற்றியது. கானவர் வந்து வழிகாட்டுவர் என்ற கூத்தனின் சொல் இவ்வாறு அரசாணையாகத் திரும்பி வந்தது எனலாம்.

ஏலகிரிச் சாலையின் 14 கொண்டையூசி வளைவுகளுக்குப் புலவர் எழுவர், கடையெழு வள்ளல்கள் எழுவர் பெயர்களைச் சூட்டியுள்ளமை தமிழர் பெருமைப்படத்தக்கது. பறம்பின் பாரியும் கபிலரும் அங்கு உளர். ஆனால் இந்நிலத்து மலைவழியைப் பாடிய பெருங்கௌசிகனாரும், பாடுபுகழ் பெற்ற நன்னனும் அவ்வளைவுகளில் இல்லை. பெயர்ப்பலகை இன்மை பெரிய குறையன்று. அப்பாட்டைக் கையில் கொண்டு அவ்வழியே நடப்பார் இன்மையே குறை.

ஒற்றையடிப் பாதை, நடப்பார் கால் பட்டால் நிற்கும். படாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் புல் மூடிவிடும். பாட்டுக்கும் அதுவே நிலை. இலக்கிய வட்டத்தார் ஆண்டுக்கொரு நாளேனும் செங்கத்திலிருந்து நவிர மலை நோக்கி, மலைமகன் ஒருவனை முன்னிட்டு, பாட்டைப் படித்தவாறே நடப்பின் அது பெருங்கௌசிகனார்க்கு எடுக்கும் நல்ல விழாவாகும். வழி பிரியும் இடத்தில் பின்வருவோர்க்காக அவர்கள் ஒரு புல்முடிச்சும் இட்டுச் செல்லலாம்.