இடுக்கணில் வளர்ந்த விசுவாசம்

துன்பம் உள்ளத்தைப் பண்படுத்தும் என்பது எல்லாச் சமயத்தாரும் ஒருவாறு ஒப்புக்கொண்ட கருத்தாகும். கிறிஸ்தவ சமயமோ சிலுவையையே தன் சின்னமாகக் கொண்டது. ஆதலின், துன்பத்தால் விளையும் பயன் யாது என்னும் வினா அச்சமயத்தில் தலையாய வினாவாக நிற்கின்றது. இவ்வினாவுக்கு விடை காண வேதாகமத்தை மட்டுமன்றி, நமது நாட்டின் வரலாற்றையும் நாம் புரட்டிப் பார்க்கலாம்.

போர்த்துக்கேயர் ஆண்ட காலத்திலே கத்தோலிக்க சமயம் அரசின் ஆதரவுடன் விளங்கிற்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டதும் அவ்வாட்சியிலேயாம். அக்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் உண்மை விசுவாசத்தாற் பெற்றோர் எவர், அச்சத்தாலும் ஆதாயம் கருதியும் பெற்றோர் எவர் எனப் பிரித்தறிதல் அரிதாயிருந்தது. வாழ்வு மிகுந்த காலத்தில் பதரும் நெல்லும் ஒன்றாகவே கிடந்தன.

காற்று வீசும் காலமும் வந்தது. 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை என்று பறைசாற்றப்பட்டது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. அரசாங்க உத்தியோகம் வேண்டுவோர் ஆட்சியாளரின் சபையைச் சேர்ந்தவராயிருத்தல் வேண்டும் என்ற நிலையும் ஏற்பட்டது. பலர் புதிய சபையின் பெயரேட்டில் தம் பெயரைப் பதிந்துகொண்டனர். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை; மனைவி மக்களைக் காக்கவேண்டிய கடமை எளியதன்று.

ஆயினும் ஒரு சாரார் அசையாது நின்றனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர்களிடையே தங்கிப் பணிபுரியக் குருவானவர் எவரும் இலர்; பூசையில்லை; பாவசங்கீர்த்தனம் இல்லை. பகலில் ஒல்லாந்தரின் பள்ளிக்கூடத்தில் பாடம் படித்த பிள்ளைகள், இரவில் வீட்டின் உள்ளறையில் தாயின் வாய்மொழியாகச் செபங்களைக் கற்றனர். மாந்தையிலிருந்து தேவமாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு சிலர் மருதமடுக் காட்டிற் சென்று அடைந்ததும் இக்காலத்தின் செய்தியாகவே வழங்கிவருகின்றது. குருவின் கையையே நோக்கியிருந்த சமயம், இவ்வாறு ஒவ்வொரு குடும்பத்தின் சொந்தப் பொறுப்பாயிற்று. துன்பம் தந்த முதற் கொடை இதுவே.

இந்நிலையைக் கேள்வியுற்று வந்தவர் யோசேப் வாஸ் அடிகளார். கோவாவிலே 1651இற் பிறந்து, 1676இற் குருப்பட்டம் பெற்றவர். 1687இல், கூலியாளைப் போல வேடம் பூண்டு, யோவான் என்னும் துணைவனுடன் அவர் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். கடற்பயணத்தின் அலைச்சலால் வயிற்றுளைவு நோய் அவரை வாட்டியது. பெண்ணொருத்தி இரங்கி அளித்த கஞ்சியே அவருயிரைக் காத்தது என்பர். பின்னர்க் கழுத்திலே செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றது என்பதே அவர் தேடிய அடையாளம். அங்ஙனம் கண்டுகொண்ட அடியார்களின் துணையுடன் சில்லாலையைத் தமது இருப்பிடமாகக் கொண்டு, இரவிலே திரிந்து தொண்டாற்றினார்.

1689ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பின் முன்னிரவு. யாழ்ப்பாணத்தில் பூசைக்காகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படைவீரர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் தப்பினார், அடியார்கள் அகப்பட்டனர். சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கராகிய தொம் பேதுரு என்பவர் அடியுண்டு இறந்தார். வேறு எழுவர் விலங்கிடப்பட்டுக் கடூழியத்தில் ஆழ்த்தப்பட்டனர். விட்டுவிடுகிறோம் என்ற ஒரு சொல் அவர்களைக் காத்திருக்கும். அச்சொல்லை அவர்கள் சொல்லவில்லை.

அடிகளார் 1692இற் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். அச்சிறையையே பள்ளிக்கூடமாக்கிச் சிங்கள மொழியைக் கற்றார். நாளடைவில் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது தூய்மையை உணர்ந்து ஆதரவளித்தான். 1697இற் கண்டியில் வைசூரி பரவிற்று. அரசனும் பிரபுக்களும் நகரை நீங்கினர். உறவினரும் நோயாளரைக் கைவிட்டனர். அடிகளாரோ தம் மருமகனாகிய கர்வாலோ அடிகளாருடன், சமயபேதம் பாராது நோயாளரைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். தான் துன்புற்றதால் பிறர் துன்பத்தைத் தன் துன்பமாகக் காணும் பேறு, துன்பத்தின் இரண்டாவது கொடை எனலாம்.

1711ஆம் ஆண்டு தை மாதத்தில் அடிகளார் கண்டியில் உயிர்நீத்தார். எனினும் அவர் விட்டுச் சென்ற அண்ணாவிமாரும் மூப்பரும் ஊர்தோறும் திருச்சபையைத் தாங்கினர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் சமய நூல்கள் இயற்றி அவர்களுக்கு ஊட்டமளித்தார்.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி ஒழிந்தது. 1806இற் கத்தோலிக்கருக்கெதிரான சட்டங்களும் நீக்கப்பட்டன. அப்பொழுது நிகழ்ந்தது கருதத்தக்கது. உத்தியோகத்துக்காகவும் உரிமைக்காகவும் அரசின் சபையிற் சேர்ந்த பெருந்தொகையினர் விரைவிலே கலைந்தனர். அரசின் கோபத்தைச் சுமந்த சிறுதொகையினரோ நிலைத்தனர். ஆதரவு வளர்க்காததை இடுக்கண் வளர்த்தது. 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இதனால் துன்புறுத்தல் நன்றென்று கொள்ளுதல் கூடாது. தொம் பேதுருவை அடித்த கை அவரைப் புனிதராக்கிற்று எனல் அடாது. துன்பம் தானாக எவரையும் உயர்த்துவதில்லை; அதே துன்பம் பலரைத் தளர்த்தியும் உள்ளது. அதனை வெறுப்பாக மாற்றாமல், பொறுமையாகவும் பிறர்க்குப் பணியாகவும் மாற்றும் உள்ளத்திலேதான் ஆன்மா வளர்கின்றது. உள்ளறையில் விளக்கேற்றிப் பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுத்த பெயரறியாத தாய்மார், இவ்வுண்மையை எழுதாமலே நமக்கு எழுதிவைத்துச் சென்றுள்ளனர்.