வடகோடிக்குப் பல்கலைக் கழகம் எதற்கு?

நவம்பர்த் திங்களின் இறுதியில் மறைந்த கதிரவன், சனவரித் திங்களின் பாதியைத் தாண்டும் வரை தலைகாட்டாத ஊர் ஒன்று உண்டு. நார்வே நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, தீவொன்றின்மீது அமர்ந்திருக்கும் டிராம்சோ நகரம் அது. கோடையிலோ நள்ளிரவிலும் ஞாயிறு மறையாது. காட் மீன் பிடிப்போரும், பிடித்த மீனைக் கழிகளில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலே கருவாடாக்குவோரும், பனிமான் மந்தைகளை ஓட்டித் திரிவோரும் வாழும் வட்டாரம். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. மக்கள் தொகையிலோ பத்தில் ஒரு பங்களவே. தலைநகர் ஓஸ்லோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

இங்கே ஒரு பல்கலைக் கழகமா? அறிஞர் சூழல் இல்லாத இடத்தில் ஆராய்ச்சி வளருமா? தகுதியுள்ள பேராசிரியர்கள் பனிக்கும் இருளுக்கும் நடுவே வந்து குடியேறுவார்களா? தரம் என்னாவது? 1960-களிலே நார்வே நாட்டில் எழுந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் படிக்காதவரல்லர், படிப்பின் உச்சியில் இருந்தவர்கள். அதனால்தான் இந்த வரலாற்றை நாம் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல். இந்த வட்டாரத்தின் தொல்குடி மக்களுக்குச் 'சாமி' என்று பெயர். நம் பகுத்தறிவு இளைஞர்கள் நெற்றியைச் சுருக்க வேண்டாம்; கற்பூரம் கேட்கும் சாமியன்று இது! நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைக்கோடுகளால் துண்டாடப்பட்ட ஓர் இனத்தின் பெயர். அவர்தம் மொழியும் சாமி மொழியே. நார்வே மொழியோடு அதற்கு உறவில்லை, பின்லாந்து மொழியோடுதான் உறவு. பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய குவென் மக்களும் அங்கே உண்டு.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1814 வரை நார்வே, டென்மார்க்கு மன்னரின் ஆட்சியில் இருந்தது. அந்நாளில் பாதிரியாராகவோ நீதிபதியாகவோ ஆக விரும்பிய நார்வே இளைஞன், கப்பலேறிக் கோபன்ஹேகன் செல்ல வேண்டும். எங்கள் மண்ணில் எங்களுக்கொரு பல்கலைக் கழகம் வேண்டுமென்று நார்வே மக்கள் நெடுங்காலம் வேண்டினர், நெடுங்காலம் மறுக்கப்பட்டனர். இறுதியில் மக்களே நிதி திரட்டினர். 1811-இல் மன்னர் இசைந்தார். 1813-இல் வகுப்பு தொடங்கிற்று. ஓஸ்லோ பல்கலைக் கழகம் பிறந்த கதை இது.

அத்துடன் நின்றனரா? இல்லை. பள்ளியிலும் மன்றத்திலும் கோலோச்சியது டேனிய எழுத்துமொழி. நாட்டுப்புற மக்கள் பேசும் வழக்குகளிலிருந்து தங்களுக்கென ஓர் எழுத்துமொழியை உருவாக்கினார் ஈவார் ஓசன் என்னும் அறிஞர், ஒரு குடியானவரின் மகன். 1885-இல் நார்வேயின் பாராளுமன்றமான ஸ்டோர்டிங், அந்த மக்கள் மொழிக்குச் சம உரிமை அளித்துத் தீர்மானம் இயற்றியது. படிக்கும்போதே நெஞ்சம் குளிர்கிறதல்லவா?

ஆனால், தோழர்களே, அதே காலத்தில் அதே நாடு வடக்கே என்ன செய்தது தெரியுமா? 1880-இல் ஓர் ஆணை: சாமி, குவென் குழந்தைகள் அனைவரும் நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றாக வேண்டும். 1898-இல் அமைச்சர் வெக்செல்சன் பெயரால் ஒரு சுற்றறிக்கை: வகுப்பிலே சாமி மொழியும் குவென் மொழியும் தவிர்க்க முடியாத அளவுக்கு மட்டும், துணைக்கருவியாக மட்டும் வரலாம், மாணவர்களில் பலருக்கு நார்வே மொழி விளங்கவில்லை என்பதற்காக ஆசிரியர் இந்த விதியைத் தளர்த்தலாகாது! 1902-இல் நிலத்துக்கே வந்தது சட்டம்: ஃபின்மார்க்கு மாவட்டத்தில் அரசு நிலம் வாங்க வேண்டுமானால் நார்வே மொழி பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். பாட்டனும் முப்பாட்டனும் உலவிய மண்ணை வாங்க, அயலான் மொழியில் தேர்ச்சி! இந்த விதி 1965 வரை ஏட்டில் இருந்தது. 1905 முதல் விடுதிப் பள்ளிகள் எழுந்தன. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்தும் பெற்றோர் மொழியிடமிருந்தும் பிரித்து வைக்கப்பட்டனர்.

கோபன்ஹேகனிடம் தமக்குக் கேட்ட நீதியைக் கூடாரத்தில் வாழும் தம் அண்டை வீட்டானுக்கு மறுத்தவர்கள், அந்த முரண்பாட்டை உணர்ந்ததாகவே தெரியவில்லை. முன்னேற்றம் தருகிறோம் என்றே பலர் மெய்யாக நம்பினர். நம்பிச் செய்யும் கொடுமைக்கு ஆயுள் அதிகம்.

வடக்கே உயர்கல்வியின் முதல் விதை இந்தச் சூழலில்தான் கிடந்தது. 1826-இல் டிரோண்டனஸ் என்ற இடத்திலே தொடங்கி, 1848-இல் டிராம்சோவுக்கு மாற்றப்பட்டது ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. ஃபின்மார்க்குப் பள்ளிகளுக்கு ஆசிரியரை அனுப்பிய இடம் அது. நார்வே மயமாக்கும் கொள்கை பின்னர் வலுத்தபோது, அக்கொள்கையை ஊர் ஊராக எடுத்துச் செல்லும் கைகள் அங்கே பழகின. ஆனால் கல்விக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்தவன் நினைத்த இடத்தோடு அது நிற்பதில்லை.

ஐசக் சாபா, ஆண்டர்ஸ் லார்சன் என்னும் சாமி இளைஞர் இருவர் அப்பள்ளியில் பயின்று ஆசிரியராயினர். லார்சன் 1904 முதல் 1911 வரை சாமி மொழியிலேயே ஒரு செய்தித்தாளை நடத்தினார். சாமி இனத்தின் பண்ணாக இன்று ஏற்கப்பட்டுள்ள பாடலைச் சாபா எழுத, 1906-இல் அந்த ஏட்டிலே அது வெளிவந்தது. அதே 1906-இல் தொழிற்கட்சியின் சார்பில் நின்று ஸ்டோர்டிங்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் சாபா. அம்மன்றத்தில் அமர்ந்த முதல் சாமி அவரே. 1912-இல் சாமி மொழியின் முதல் புதினத்தை வெளியிட்டார் லார்சன். 'விடியல்' என்பது அதன் பெயரின் பொருள். பின்னர் அதே பள்ளியிலிருந்து வந்த பேர் ஃபோக்ஸ்டாட் என்ற ஆசிரியர், சாமி பிள்ளைகளுக்குச் சாமி மொழியில் பாடம் நடத்த ஒரு திட்டத்தை 1920-களில் வகுத்து அரசின் பள்ளிக்குழு முன் வைத்தார். அது நிராகரிக்கப்பட்டது. மொழியை அழிக்கப் பழக்கிய பட்டறையிலிருந்தே மொழியைக் காக்கும் கருவிகளும் வந்தன. எதிர்பாராத விளைச்சல்! பட்டறை நடத்தியவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

பிறகு போர். 1944-இல் பின்வாங்கிய செர்மானியப் படை, ஃபின்மார்க்கையும் வட டிராம்சையும் எரித்துக்கொண்டே சென்றது. ஐம்பதினாயிரம் பேரளவில் வீடுவாசல் விட்டு வெளியேற்றப்பட்டனர். வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். மருத்துவர்களை எப்படிக் கட்டுவது? ஓஸ்லோவிலும் பெர்கனிலும் பயின்றவர்கள் வடக்கே வரவில்லை, வந்தவர்கள் தங்கவில்லை. பதவிகள் காலியாகவே கிடந்தன. அறிவுள்ள வடநாட்டுப் பிள்ளை தெற்கே படிக்கப் போனால், பெரும்பாலும் தெற்கேயே தங்கிவிட்டான்.

டிராம்சோவில் ஒரு பல்கலைக் கழகம், அதிலே மருத்துவக் கல்வி என்ற கோரிக்கை இதிலிருந்துதான் வலுப்பெற்றது. எதிர்ப்பும் மருத்துவத்தின் மீதே கடுமையாக விழுந்தது. கோபன்ஹேகன் அன்று நார்வேக்குக் காட்டிய முகத்தை, இன்று ஓஸ்லோ வடக்குக்குக் காட்டிற்று. 1966-இல் ஒட்டார் பிராக்ஸ் என்னும் சமூகவியலாளர், சென்யா தீவில் பிறந்தவர், வட நார்வேயில் நடப்பது என்ன என்று கேட்டு ஒரு நூல் எழுதினார். சிறு படகும் சிறு நிலமும் சேர்த்துப் பிழைக்கும் குடும்பத்தின் கணக்கை, தலைநகரத் திட்டக்காரர் புரிந்துகொள்ளவே இல்லை என்பது அவர் வாதம். பின்னர் அவரே டிராம்சோவில் பேராசிரியரானார்.

1968 மார்ச் 28-ஆம் நாள் ஸ்டோர்டிங் தீர்ப்பளித்தது: டிராம்சோவில் பல்கலைக் கழகம் அமையும். மருத்துவர் பேட்டர் யோர்ட் இடைக்கால ஆட்சிக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1972-இல் மன்னர் ஐந்தாம் ஓலாவ் திறந்துவைத்தார்.

என்ன கற்பித்தனர்? இங்கேதான் சுவை. தெற்கின் பாடத்திட்டத்தைப் பெயர்த்து வந்து வடக்கே நடவில்லை. மருத்துவ மாணவர்களை வட்டார மருத்துவமனைகளுக்கும் சிற்றூர் மருத்துவரிடமும் பல மாதங்கள் அனுப்பிப் பயிற்றினர். வடக்கே வளர்ந்தோர்க்கென இடங்களில் ஒரு பங்கை ஒதுக்கினர். ஒதுக்கீடு என்றதும் தகுதி, திறமை என்று குரல் எழும் அல்லவா? அங்கும் எழுந்தது, நமக்கோ அது பழகிய குரல். விடையைக் காலம் சொல்லிற்று. 1979 முதல் 1988 வரை அங்கே தேறிய மருத்துவரைப் பின்னர்க் கணக்கெடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் வடக்கிலேயே பணியாற்றக் கண்டனர். வடக்கிலே வளர்ந்தவர்களை மட்டும் எண்ணினால், ஐவரில் நால்வர்! பின்னாளில் போடோ, ஹம்மர்ஃபெஸ்ட் நகர மருத்துவமனைகளிலேயே இறுதியாண்டுகளைப் பயிலவும் வழி செய்தனர். பற்றாக்குறை முற்றும் தீர்ந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஃபின்மார்க்குச் சிற்றூர்கள் இன்றும் மருத்துவரைத் தேடுகின்றன.

தரம் என்னாவது என்று கேட்டார்களே, அதற்கும் ஒரு செய்தி. வடக்கு ஆண்கள் நடுவயதில் இதய நோயால் மடிவது மிகுதியாக இருந்தது. காரணம் காண, 1974-இல் நகர மக்களையே அழைத்துப் பரிசோதிக்கத் தொடங்கினர். 'டிராம்சோ ஆய்வு' எனப்படும் அது, சில ஆண்டுகளுக்கொரு முறை திரும்பத் திரும்ப நடந்தது. நாற்பத்தையாயிரம் பேருக்கு மேல் ஒரு முறையாவது பங்கேற்றுள்ளனர். காப்பி மிகுதியாகக் குடிப்போரின் குருதியில் கொழுப்பு மிகுந்திருப்பதை 1983-இல் அந்த ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தனர். தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, வடிதாள் இன்றி அப்படியே பருகுவது அவ்வட்டார வழக்கம். குற்றம் பெரும்பாலும் அதில்தான் என்று தொடர்ந்து நடந்த ஆய்வுகள் காட்டின. தலைநகரின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்தவருக்கு இந்தக் கெண்டி கண்ணிலே பட்டிருக்குமா?

மீனவர் ஊரில் மீனைப் பற்றிப் பட்டம் இல்லாதிருந்ததையும் மாற்றினர். உயிரியல், பொருளியல், தொழில்நுட்பம் மூன்றையும் பிணைத்து மீன்வளப் பட்டம் வகுத்தனர். 1972-இல் பிறந்த மீன்வளக் கல்லூரி 1988-இல் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது.

வானத்து ஒளி பற்றியும் ஒன்று. வடக்கு இரவில் பச்சையும் சிவப்புமாய் ஆடும் துருவ ஒளியை நோக்கிச் சீழ்க்கையடித்தால் அது இறங்கி வந்து தூக்கிச் சென்றுவிடும் என்று பாட்டிமார் பிள்ளைகளை அச்சுறுத்தி வந்தனர். பீர்க்லண்ட் என்ற இயற்பியலாளர் 1899-இல் ஆல்ட்டாவை அடுத்த மலையுச்சியில் நிலையம் அமைத்து, கதிரவனிடமிருந்து வரும் மின்துகள்களின் வேலை அது என்று ஆய்ந்து சொன்னார். 1928-இல் டிராம்சோவிலே துருவ ஒளி ஆய்வகம் எழுந்தது. பின்னர்ப் பல்கலைக் கழகத்தோடு சேர்ந்தது. சீழ்க்கையடித்த எவரையும் அது தூக்கிச் சென்றதாகக் குறிப்பில்லை!

இத்தனையும் சரி, சாமி மொழிக்கு என்ன ஆயிற்று? 1959 பள்ளிச் சட்டம் வகுப்பறையில் அதற்கு வழி திறந்தது. 1967-இல் காராஷோக், கவுட்டோகெய்னோ ஊர்களில் தாய்மொழியிலேயே எழுத்தறிவித்துப் பார்த்தனர். ஆனால் விழிப்பைத் தந்தது கிளர்ச்சியே. ஆல்ட்டா ஆற்றில் அணை கட்ட அரசு முனைந்தபோது, 1979-இல் சாமி இளைஞர்கள் ஸ்டோர்டிங்கின் எதிரே கூடாரமடித்து உண்ணாநோன்பு இருந்தனர். அணை கட்டப்பட்டது. ஆயினும் கேள்வி அணைக்குள் அடங்கவில்லை. 1989-இல் சாமி மக்களுக்கென ஒரு மன்றம் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஓலே ஹென்ரிக் மாகா ஒரு மொழியியல் அறிஞர்.

அதே 1989-இல் கவுட்டோகெய்னோவில் சாமி உயர்கல்லூரி தொடங்கிற்று. பனிமான் மேய்ப்போரின் சிற்றூரில், சாமி மொழியே கற்பிக்கும் மொழி, சாமி மொழியே அலுவல் மொழி. ஆசிரியப் பயிற்சி, மொழியும் இலக்கியமும், இதழியல், 'துவோஜி' எனும் கைவினை, பனிமான் வளர்ப்பு ஆகியன அங்கே பாடங்கள். முனைவர் பட்டம் வரை ஏறலாம். டிராம்சோவிலும் சாமி மொழிக்குக் கணிப்பொறிப் பிழைதிருத்தி முதலான கருவிகளைச் செய்து தருகின்றனர். பனிமானின் வயதுக்கும் நிறத்துக்கும் கொம்புக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழியைத் 'துணைக்கருவி' என்றதே 1898-இன் சுற்றறிக்கை!

2009 முதல் வட்டாரக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக டிராம்சோவோடு இணைந்தன. 2013-இல் ஃபின்மார்க்குக் கல்லூரி, 2016-இல் ஹார்ஸ்டாடும் நார்விக்கும். பெயரும் நார்வேயின் ஆர்க்டிக் பல்கலைக் கழகம் என்றாயிற்று. இணைப்பில் ஆபத்தும் உண்டு என்பதை நெஸ்னா காட்டும். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத அக்கடலோர ஊரில் 1918 முதல் ஆசிரியப் பயிற்சி நடந்துவந்தது. போடோவைத் தலைமையிடமாகக் கொண்ட நோர்டு பல்கலைக் கழகத்தோடு 2016-இல் அது இணைந்தது. 2019-இல் நெஸ்னா வளாகத்தை மூடிவிட ஆட்சிக்குழு முடிவெடுத்தது. புறக்கணிக்கப்பட்ட வடக்கு, தன்னினும் சிறிய ஊரைப் புறக்கணிக்கக் கற்றுக்கொண்டது போலும்! ஊரார் விடவில்லை. தொடர்ந்து போராடினர், 2021-இல் ஆட்சி மாறியதும், நெஸ்னாவை மீண்டும் திறக்க அரசு பணம் ஒதுக்கிற்று.

நார்வே மயமாக்கிய கொள்கையை ஆராய 2018-இல் அமைக்கப்பட்ட உண்மை ஆணையம், 2023 சூன் முதல் நாள் அறிக்கை தந்தது. 2024 நவம்பர் 12-ஆம் நாள் ஸ்டோர்டிங், சாமி, குவென், காட்டு பின் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. சுற்றறிக்கை வந்து 126 ஆண்டுகள் ஆகியிருந்தன. சாமி மொழியில் பாடம் நடத்தவல்ல ஆசிரியர்கள் இன்னும் போதுமான அளவில் இல்லை. அவர்களைப் பயிற்றும் வேலை கவுட்டோகெய்னோவில் நடந்து வருகிறது.