புகைக்குள் ஒலித்த முரசு

நெப்போலியன் காலத்துப் போர்க்களங்களை ஓவியங்களில் பார்த்துப் பழகிய நாம், அக்களங்களில் நின்றவர்களுக்குக் கண்ணெதிரே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். துப்பாக்கிகளும் பீரங்கிகளும் சிலமுறை வெடித்ததுமே கருமருந்தின் வெண்புகை களத்தை மூடிவிடும். அந்த இரைச்சலில் தளபதியின் குரல் அடுத்த வரிசைக்கும் எட்டாது. அப்போது படைக்கு நாவாக இருந்தது முரசுதான். கூடுவதற்கு ஒரு தாளம், முன்னேற ஒன்று, பின்வாங்க வேறொன்று. பிரெஞ்சுப் படையின் தாக்குதல் தாளம் ஸ்பெயின் களங்களில் எதிரிகளின் காதுகளுக்கு அத்துணை பழகிப் போயிற்று. ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதற்குக் 'கிழட்டுக் கால்சராய்' என்று கேலிப்பெயரே சூட்டினர்!

முரசறைவோர் எல்லாரும் சிறுவர்கள் என்று கதைகள் கூறும். சிறுவர்கள் இருந்தனர்; வளர்ந்த ஆடவரும் பலர் இருந்தனர். காயமுற்றோரைச் சுமப்பதும் அவர்கள் வேலை. ஆங்கிலேயப் படையில் குற்றவாளிச் சிப்பாயின் முதுகில் சவுக்கடி கொடுக்கும் கொடிய பணியும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. பிரான்சிலோ, வீரம் காட்டியவர்களுக்கு வெள்ளிப் பூணிட்ட முரசுக்கோல்கள் பரிசாயின.

ஆங்கிலேயரின் 29ஆம் படைப்பிரிவில் 1759 முதல் 1843 வரை முரசறைந்தோர் கறுப்பினத்தவர். முதலில் வந்தவர்கள், கைப்பற்றப்பட்ட குவாதலூப் தீவிலிருந்து கடற்படைத் தளபதி பாஸ்கவென் கொண்டுவந்து தம் சகோதரருக்கு அன்பளிப்பாக அளித்த சிறுவர்கள். மனிதரை அன்பளிப்பாக அளிக்கும் வழக்கத்தை என்னென்பது! டலவேரா, அல்புவேரா களங்களில் நின்ற படைப்பிரிவு இது. வேறு பல படைப்பிரிவுகளும் கறுப்பின இசைஞருக்குத் தலைப்பாகை அணிவித்துப் பெருமுரசையும் கைத்தாளத்தையும் கொடுத்தன. அதற்குப் பெயர் 'துருக்கி இசை'.

பெயர் பொய்யன்று. உதுமானியச் சுல்தான்களின் 'மெஹ்தர்' இசைக்குழுவிடமிருந்தே ஐரோப்பியப் படைகள் இக்கருவிகளைக் கற்றன. போர்க்களத்தில் கொடியருகே நின்று அது முழங்கும்வரை படை நிலைகுலையவில்லை என்று பொருள். அக்குழுவின் 'நக்காரா' நமக்கும் அந்நியமன்று. நம் தர்காக்களில் ஒலிக்கும் நகராவும் அதே அரபுச் சொல்தான்.

1826 ஜூன் 15 அன்று சுல்தான் இரண்டாம் மஹ்மூது, கலகம் செய்த ஜானிசரிப் படையின் பாசறைகளைப் பீரங்கியால் தகர்த்தார். அப்படையோடு மெஹ்தரும் ஒழிக்கப்பட்டது. கலகக்காரரை அடக்க வேண்டியிருந்திருக்கலாம். முரசு செய்த குற்றம் என்ன என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. 1828இல் இத்தாலியர் கியூசெப்பே தோனிசெத்தி வரவழைக்கப்பட்டு, ஐரோப்பிய முறையில் புதிய இசைக்குழுவை அமைத்தார். துருக்கியரிடமிருந்து சென்ற பெருமுரசு, வேற்றுடை அணிந்து இஸ்தன்பூலுக்கே திரும்பிற்று! தோனிசெத்தி பாஷா பட்டம் பெற்று 1856இல் அந்நகரிலேயே இறந்தார்.

பழைய மெஹ்தர் 20ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் எழுந்தது. 1952 முதல் அதன் முழக்கம் இஸ்தன்பூல் இராணுவ அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்காக ஒலித்து வருகிறது.