ஆளற்ற கோயில்

தஞ்சைப் பெரிய கோயிலில் ஃபிலிம் கேமராவோடு ஒரு காலை முழுக்க நின்றேன். சுருளில் 36 படம்தான், வீணாக்க மனசில்லை. ஆட்கள் விலகட்டும் என்று காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பை எனக்குக் கற்றுத்தந்தது யார்?

1858இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இங்கு வந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். சுமார் 19 அடி நீளம். அரசுக்கு வேண்டியிருந்தது ஆவணம். காகித நெகட்டிவில் ஒளி பதிய நேரமாகும், நடமாடுகிறவர்கள் பதிவதில்லை. அன்றைய தொழில்நுட்பத்தின் இயலாமை, ஆளற்ற கோயில் என்கிற அழகியலாகவே நிலைபெற்றுவிட்டது. (காலனியம் தந்த கண் என்றால் நண்பர்கள் கோபிக்கிறார்கள்.)

எனக்கு அந்த நிர்ப்பந்தம் ஏது? அந்த வெயிலுக்கு 1/125 நொடி போதும். ஆனாலும், பூக்கூடையோடு சட்டகத்துக்குள் வந்த அம்மாவிடம், 'கொஞ்சம் ஒதுங்குங்கம்மா' என்றேன். ஒதுங்கிவிட்டார்.