சேற்று நிலத்தில் கரை நிற்பது எங்ஙனம்?

பினாங்கில் சூலியா தெருவின் வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், கடற்கரைத் தெருவைக் கடந்ததும் 'சூலியா தெரு காட்' என்னும் பகுதியை அடைவர். காட் என்பதற்குப் படித்துறை என்பது பொருள். முற்காலத்தில் கடற்கரைத் தெருவே கடலின் விளிம்பு. 1880ஆம் ஆண்டுகளில் கடலைத் தூர்த்து 'வெல்ட் கீ' என்னும் துறைமுகச் சாலையை அமைத்தனர். அன்றைய கவர்னர் சர் பிரெடரிக் வெல்டின் பெயரே அதற்கு இடப்பட்டது.

அவர் பெயரையே தாங்கிய மற்றோர் இடம் பேராக்கிலுள்ள போர்ட் வெல்ட். 1885இல் தைப்பிங்கிலிருந்து அவ்வூருக்கு நம் நாட்டின் முதல் இரயில் ஓடிற்று. கண்டல் மரச் சதுப்பின் ஊடே அப்பாதையை அமைத்ததில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினருக்குப் பெரும் பங்குண்டு.

இக்கரையோரக் களிமண்ணின் குறை யாது? அதனுள் அடைபட்டிருக்கும் நீரே. சில இடங்களில் உலர்ந்த மண்ணின் எடைக்கு நிகராக நீர் இருக்கும். மேலே கரை கட்டினால் அப்பாரத்தை முதலில் தாங்குவது மண்ணன்று, நீர். நீர் மெல்ல வெளியேறிய பின்னரே மண் இறுகி வலுப்பெறும். அதற்குள் அவசரப்பட்டு உயர்த்தினால் கரை சரியும். இந்த உண்மையைக் கணக்கியலாக வகுத்தவர் கார்ல் டெர்சாகி. அவரது நூல் 1925இல் வியன்னாவில் வெளிவந்தது. நீர் செல்லும் தூரம் இரு மடங்கானால், காலம் நான்கு மடங்காகும் என்பது அவர் கணக்கின் முடிவு.

அப்படியாயின் தூரத்தைக் குறைப்பதே வழியன்றோ? களிமண்ணில் நெருக்கமாகத் துளையிட்டு மணல் நிரப்பினர். 1930ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டு ஷெல்மன் அட்டை நாடாக்களைச் செருகினார். இன்று பிளாஸ்டிக் நாடாக்கள் அப்பணியைச் செய்கின்றன. பத்து மீட்டர் மேலேற வேண்டிய நீர், பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கும் குறைவாக நகர்ந்தாலே போதும். மேலே மண்ணைக் குவித்து வைத்தால், அப்பாரம் நீரை வெளியே தள்ளும்.

1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்காக மலேசிய நெடுஞ்சாலை வாரியம் மூவார் சமவெளியில் சோதனைக் கரைகள் பலவற்றை எழுப்பியது. வடிகால், மணல் தூண், வெற்றிட அழுத்தம் எனப் பல முறைகள் அங்கே ஆராயப்பட்டன. ஒரு கரையை மட்டும் எவ்விதச் சீராக்கமும் செய்யாத நிலத்தின்மீது, சரியும்வரை உயர்த்தினர். அது 5.4 மீட்டரில் சரிந்தது. எவ்வளவு உயரத்தில் சரியும் என்று வல்லுநர்களை முன்னரே கணிக்கச் சொல்லியிருந்தனர். 1989இல் கோலாலம்பூரில் கூடி ஒப்பிட்டபோது, கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

அறிஞர் கணக்கும் நிலத்தின்முன் தடுமாறும் என்பதே மூவார் புகட்டும் பாடம். நீர் வடிவதற்குரிய காலத்தைச் செலவென்று எண்ணிக் குறைப்போர் உண்டு. ஆனால் பின்னர் சாலை தாழ்ந்து, பாலத்தின் முகப்பில் பள்ளம் விழும்போது, அந்தச் செலவைச் சுமப்பவர் அவ்வழியே அன்றாடம் செல்லும் எளிய மக்களே. கரை கட்டுவோர் மண்ணைக் கொட்டுமுன் மண்ணுக்குரிய காலத்தையும் கணக்கில் எழுதுதல் வேண்டும்.