ஒத்துப்போகும் மீன்: தொட்டியின் வரலாறும் ஆற்றின் வரலாறும்

பெரிய நன்னீர்த் தொட்டியொன்றில் பல இன மீன்களைச் சேர்த்து வளர்க்க முனைவோர் முதலில் கேட்பது, எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும் என்பதே. இதற்கென இன்று ஓர் அளவுகோல் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. முழு வளர்ச்சியில் மீனின் நீளம், அதன் வாயளவு, கூட்டமாக வாழும் இயல்பு, எல்லை வகுத்துப் போரிடும் இயல்பு, அது விரும்பும் நீரின் வெப்பமும் அமில காரத் தன்மையும், நீரின் எந்த அடுக்கில் அது உலவும் என்பது ஆகியவை அதில் அடங்கும். இந்த அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் கேட்கப்படாமல் போன ஒரு கேள்வியின் விலையைக் கேரள மலையாறுகளின் சிறு மீனொன்று கொடுத்திருக்கிறது என்பதே இப்பதிவின் வாதம்.

தொட்டிக்குள் உயிர்கள் ஒன்றோடொன்று இசைந்து வாழ்வது பற்றிய அறிவியல் விவாதத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று 1850ஆம் ஆண்டு லண்டன். அங்கே ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர் இரு தங்கமீன்களையும் வல்லிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் இட்டுக் கவனித்தார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியபோது நத்தைகளைச் சேர்த்தார். நத்தைகள் அழுகலை உண்டன. நத்தைகளின் முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. தாவரம் உயிர்வளியை அளித்தது. 1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டிருந்ததால் இத்தகைய தொட்டிகள் பரவ வழி பிறந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீனகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் இப்பழக்கத்தை நடுத்தர வகுப்பின் வீடுகளுக்குள் கொண்டுசென்றது.

வாரிங்டனின் காலத்தில் இசைவு என்பது மீனுக்கும் தாவரத்துக்கும் நத்தைக்கும் நீருக்கும் இடையிலான உறவு என்பது இங்கே கருதத்தக்கது. இருபதாம் நூற்றாண்டில் மின்சாரம் தொட்டிக்குள் நுழைந்தது. நீரைச் சூடேற்றவும், காற்றூட்டவும், வடிகட்டவும் கருவிகள் வந்தன. தாவரமும் நத்தையும் செய்த பணியைக் கருவி ஏற்றுக்கொண்டபின், இசைவு என்ற சொல் மீனுக்கும் மீனுக்கும் இடையிலான குணப்பொருத்தமாகச் சுருங்கியது. ‘கம்யூனிட்டி டேங்க்’ என்று இன்று வழங்கும் பல்லினத் தொட்டி இந்தச் சுருக்கத்தின் விளைவே. ஓடும் நீரில் வாழும் மீன்களையும் வீட்டுக்குள் பேண முடியும் என்ற நிலையும் இதே கருவிகளால்தான் உண்டாயிற்று.

இனிக் கேரளத்துக்கு வருவோம். சென்னை மாகாண மருத்துவப் பணியில் 1852இல் சேர்ந்த பிரான்சிஸ் டே, கொச்சியில் பணியாற்றிய காலத்தில் மலபார் மீன்களை ஆராய்ந்தார். திருவிதாங்கூரின் முண்டக்கயம் மலைப்பகுதியில் கிடைத்த ஒரு கெண்டையினத்தை 1865இல் விவரித்து, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். மூக்கிலிருந்து கண்ணைக் கடந்து உடலின் நடுப்பகுதிவரை ஓடும் செங்கோடும், அதன் கீழே வால்வரை நீளும் கருங்கோடும் அதன் அடையாளங்கள். மலையாளத்தில் அதன் பெயர் செங்கணியான். டே பின்னர் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளரானவர். உணவுக்குரிய மீன்வளமே அவருடைய அரசுப் பணியின் மையம். விரல் நீளமே உள்ள இம்மீன் அந்தக் கணக்கில் பெரிதாக இடம்பெறவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது அறிவியல் ஏட்டில் ஒரு பெயராகவே இருந்தது.

1997இல் சிங்கப்பூரில் நடந்த அக்வாராமா வண்ணமீன் கண்காட்சியில் புதிய இனங்களுக்கான பிரிவில் இம்மீன் பரிசு பெற்றபின் நிலை மாறியது. ‘மிஸ் கேரளா’ என்ற வணிகப் பெயர் உலகச் சந்தையில் வலம்வந்தது. பல்லினத் தொட்டியின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் காரணம் எளிதில் விளங்கும். பெரும்பாலும் சாதுவானது, கூட்டமாக நீந்துவது, சுமார் 15 செ.மீ.க்கு மேல் வளராதது. நீரின் நடு அடுக்கை நிரப்புவது. ஆனால் கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வளர்ப்பது தகாது, ஆறேனும் வேண்டும். ஆகவே ஒரு தொட்டிக்குச் சென்றது ஒரு மீனன்று, ஒரு கூட்டம்.

2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான அருகிவரும் நன்னீர் மீன்களைப் பற்றிய ஆய்வு, 30 இனங்களைச் சேர்ந்த குறைந்தது 15 லட்சம் மீன்களைக் கணக்கிட்டது. செங்கோட்டுக் கெண்டைகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அதே பட்டியலில், பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் குள்ளப் பேத்தை மீனும் முன்வரிசையில் நிற்பதை மறைக்கலாகாது. ஆகவே சாதுவான குணமே அழிவுக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. சாதுவோ முரடோ, மீனின் குணத்தைத் துருவித் துருவி ஆராயும் அளவுகோல் அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கேட்பதில்லை என்பதே என் கருத்து.

அரசின் தலையீடும் எளிதாக அமையவில்லை. 2008இல் கேரள அரசு இம்மீனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்து, ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களைத் தடைக்காலமாக்கியது. பின்னர் வந்த இனப்பெருக்க ஆய்வோ, அக்டோபர் முதல் மார்ச் வரையே இது முட்டையிடும் காலம் என்று காட்டியது. தடை நீங்கும் மாதங்களிலேயே சினைமீன் வலையில் விழ வாய்ப்பிருந்தது. ஆற்றை அறியாமல் எழுதப்படும் பாதுகாப்பு விதி எப்படியிருக்கும் என்பதற்கு மாணவர்கள் இதைவிடத் தெளிவான சான்றைத் தேட வேண்டியதில்லை.

2013இல் வகைப்பாட்டியலாளர்கள் இம்மீனுக்கும், 1999இல் சாலக்குடி ஆற்றிலிருந்து விவரிக்கப்பட்ட அதன் உடன்பிறப்பினத்துக்கும் சஹ்யாத்ரியா என்ற புதிய பேரினத்தை அமைத்தனர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியவை என்பதைப் பெயரே சொல்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. 2022இல் திருத்தப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் அது இடம்பெற்றது. இதற்கிடையே பண்ணைகளில் ஹார்மோன் ஊசி மூலம் இதை இனப்பெருக்கம் செய்யும் முறை உருவாகியிருந்தது. பண்ணையில் பிறந்த மீனையும் ஆற்றில் பிடித்த மீனையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்தினால், ஆற்றை நாடாமல் மீன் வளர்ப்போரும் பாதிக்கப்படுவர். வேறுபடுத்தினாலோ, ஆற்று மீன் பண்ணை மீனென்ற பெயரில் விற்கப்படலாம். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

கதையின் மறுபக்கமும் உண்டு. 2018 பெருவெள்ளத்துக்குப்பின் கேரள ஆறுகளில் தென்னமெரிக்க அரபைமா மீன்கள் பிடிபட்டன. தொட்டிகளிலும் குளங்களிலும் வளர்க்கப்பட்டு வெள்ளத்தில் தப்பியவை அவை. எதனோடும் ஒத்துப்போகாத வேட்டை மீன் ஆற்றுக்குள் புகுந்தது. எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் மீன் ஆற்றிலிருந்து வெளியேறியது. இரு திசையிலும் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலுள்ள நீர் கணக்கில் சேரவில்லை.

வாரிங்டன் தம் கலத்துள் நத்தையையும் மீனோடு சேர்த்துக் கணக்கிட்டார். அந்த அகன்ற பார்வையைக் கலத்துக்கு வெளியேயும் நீட்டுவது இன்று நம் பொறுப்பு. நீளம், வாயளவு, குணம், வெப்பம் என்று கேட்கும் பட்டியலில் இன்னும் இரு கேள்விகளைச் சேர்க்கலாம். இம்மீன் பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடிக்கப்பட்டதா? என் தொட்டியிலிருந்து தப்பினால் அருகிலுள்ள ஆற்றில் என்ன செய்யும்? கடைக்காரரால் விடை சொல்ல முடியாத மீனை வாங்காமல் விடுவதும் ஒரு தேர்வே. சூழலியல் வரலாறு பயிலும் மாணவர்கள் அயிரைமீன் போன்ற நம் பிற சிறு மீன்களின் வணிக வரலாற்றையும் இக்கோணத்தில் ஆராய முன்வந்தால், அந்த உரையாடலைத் தொடர ஆவலாயிருக்கிறேன்.